அரை வினாடித் தூரம்

ஜூன் 3

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை ஆவலைவிட வேறொன்று அதிகமாக இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வாலுவுக்குக் கண்ணாடி வாங்கியாச்சு. போட்டதும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்து, "அம்மா, உன் நெத்தியில கோடு கோடா இருக்கு" என்றாள். நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், வாய் மட்டும் காலேஜ் முடித்துவிட்டது. எனக்குப் புறவழிச் சாலை அளக்கிற வேலை. காலை ஏழு மணிக்குக் கருவியை முக்காலியில் நிறுத்தினால் வெயில் ஏறுகிறவரை கண்ணை எடுக்க முடியாது. கோல் பிடிக்கிறவர் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார். அதனால் இப்போதே நின்றபடி தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீங்களும் வாலுவும் எண்ணுவீர்களே, அவள் ஒன்று, நீங்கள் இரண்டு, அவள் மூன்று என்று இருபது வரைக்கும்? நாலு வருஷமாக அந்த விளையாட்டு பதினைந்து வினாடி எடுக்கும். போன ஞாயிறு பத்து வினாடியில் முடிந்தது. நேற்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பத்துதான்.

நீங்கள் வேலைக்காகத் தீவுக்குப் போன புதிதில், நான் கேட்டதற்கு உடனே பதில் வருவதில்லை, யோசித்து யோசித்துப் பேசுகிறீர்கள் என்று சண்டை போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள்தான் அப்போது விளக்கம் சொன்னீர்கள். என் குரல் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே இருக்கிற செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து தீவில் நீங்கள் பார்த்துக்கொள்கிற டிஷ் ஆன்டெனாவுக்கு இறங்க வேண்டும். போவது ஒளியின் வேகத்தில்தான், வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். இருந்தும் என் கேள்வி போய்ச் சேரக் கால் வினாடி, உங்கள் பதில் திரும்பக் கால் வினாடி. "இந்த அரை வினாடியைக் குறைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது, சர்வேயரம்மா" என்றீர்கள்.

இருபது எண்ணி முடிப்பதற்குள் அந்த அரை வினாடி பத்துத் தடவை வரும், மொத்தம் ஐந்து வினாடி. எந்தக் கொம்பனாலும் முடியாததை நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

என் பிழைப்பும் அதே ஒளியில்தான் ஓடுகிறது. கருவியிலிருந்து ஒளி கிளம்பி, கோலில் இருக்கிற கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தை வைத்துத்தான் தூரம். ஒரு வினாடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால், ஒரு துண்டு நேரத்தில் ஒளி ஓரடி போகும். அதைக் கணக்கில் எடுக்கிற கருவியோடு தினமும் குடித்தனம் செய்கிறவளுக்கு ஐந்து வினாடி பெரிய வித்தியாசம். உங்கள் குரல் மேலே போகவே இல்லை, தரையோடு தரையாக வந்திருக்கிறது. நேற்று பின்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தமும் கேட்டது. தீவில் ஒரு ஜீப்பும் நாலு சைக்கிளும்தான் உண்டு என்று எழுதியதும் நீங்கள்தான்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள்? யார் வீட்டு ஃபோன் அது?

உங்கள் கடைசிக் கடிதத்தின் உறையில் தீவு முத்திரை இருக்கிறது, பார்த்தேன். எந்த ஊரிலிருந்தும் படகுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் போதும், தீவில் குத்தித் தந்துவிடுவார்கள். இதை ஃபோனில் கேட்க மாட்டேன், வாலு பக்கத்திலேயே நிற்கிறாள். எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வாலு அம்மா


ஜூன் 17

என் அன்புச் சர்வேயரம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. நான் தீவில்தான் இருக்கிறேன். இந்தக் காகிதத்தை முகர்ந்து பார், உப்பு வாடை அடிக்கும்.

விஷயம் இதுதான். கடலுக்கடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். மார்ச்சில் கப்பல் வந்தது. கரைக்கு அரை மைல் தள்ளி நின்றுகொண்டு, மிதவைகளைக் கட்டிக் கேபிள் நுனியைத் தண்ணீரில் விட்டார்கள். வானிலைக்காரர், சமையல்காரர், நான், இன்னும் ஆறு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்தோம். நீ கேட்ட லாரி, குழி தோண்ட வந்த லாரி. மே கடைசியில் லைனைத் திறந்தார்கள். இப்போது நம் பேச்சு தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடி வருகிறது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்தான். அதனால்தான் பத்து வினாடி. கணக்குப் போட்டுப் பார்.

நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது என் முறை. அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணி முடித்ததும் உன் பக்கத்தில் ஓர் ஆண் குரல், "பத்து" என்றது. தெளிவாகக் கேட்டது, லைன்தான் நன்றாக இருக்கிறதே. யார் அது? ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் உட்கார்ந்து என்னை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிற அந்த மனிதர் யார்?

வாலுவின் கண்ணாடி என்ன நிறம்?

அன்புடன்,
வாலு அப்பா


ஜூன் 30

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

கண்ணாடி நீல நிறம்.

"பத்து" என்றவர் கோல் பிடிக்கிறவர். ஸ்டாப்வாட்ச் அவருடையது, பேரனை ஓட்டப்பந்தயத்துக்குத் தயார் செய்கிறார். கொடுத்துவிட்டுப் போக வந்தவரை வாலுதான் பிடித்து உட்கார வைத்தாள். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, ஒரு முழங்கால் மடங்காது. சந்தேகப்பட நல்ல ஆளாகப் பார்த்தீர்கள், போங்கள்.

கணக்குப் போட்டேன். கண்ணாடிக்குள் ஒளி கொஞ்சம் சோம்பல் படும், வினாடிக்கு இரண்டு லட்சம்தான் போகும். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. காதுக்குத் தெரியாது. சரியாக வருகிறது. நூலகத்தில் பழைய பேப்பரையும் புரட்டினேன். கப்பல் வந்த செய்தி நாலு வரி இருக்கிறது. நீங்கள் தீவில்தான் இருக்கிறீர்கள். யார் வீட்டு ஃபோன் என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்கிறேன். மார்ச்சிலிருந்து மே வரை எனக்கு ஆறு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். உங்கள் செருப்புக்குள் குடியேறிய நண்டைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. கேபிளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒன்பது பேர் கடலில் இறங்கி இழுத்ததை மறந்துபோய் நண்டை ஞாபகம் வைத்திருக்கிற ஆளா நீங்கள்?

அதைவிடப் பெரிய கேள்வி. உங்கள் வேலை டிஷ்ஷைப் பார்த்துக்கொள்வது. ஃபோனெல்லாம் கேபிளில் வருகிறதென்றால் டிஷ்ஷுக்கு என்ன வேலை? டிஷ்ஷுக்கு வேலை இல்லையென்றால் உங்களுக்கு அங்கே என்ன வேலை? ஆபீஸ் உங்களை ஏன் இன்னும் அனுப்பவில்லை?

வாலு அம்மா


ஜூலை 15

என் அன்புச் சர்வேயரம்மாவுக்கு,

நீல நிறம் அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஒரு போட்டோ அனுப்பு.

கேபிளை எழுதாததற்கு ஒரு காரணமும் இல்லை, விட்டுப்போய்விட்டது. டிஷ் சும்மா இல்லை. கேபிள் என்றைக்காவது அறுந்தால் தீவுக்கு வேறு கதி கிடையாது. ஒரு நங்கூரம் மாட்டினால் போதும். அதனால் ஆள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்ய? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், ஆபீஸ்தான் விடமாட்டேன் என்கிறது. அடுத்த வருஷம் கட்டாயம் விட்டுவிடுவார்கள். வாலுவிடமும் அப்படியே சொல்.

இந்த ஞாயிறு பேசும்போது நீ பாதியில் வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்ததை முடிக்கவே இல்லை. முன்பெல்லாம் நீ அப்படி இல்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

அன்புடன்,
வாலு அப்பா


ஜூலை 29

டிஷ் டெக்னீஷியன் அவர்களுக்கு,

போன வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் தலைமை ஆபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், உங்களுக்காக. நாலு வருஷமாக ஒரு மனிதனைத் தீவில் வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா என்று கேட்க வாக்கியமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

மூன்றாம் மாடி. ஜன்னலோரம் ஒரு கிளார்க், ஒல்லியாக, பேனாவைக் காதில் செருகியிருந்தார். உங்கள் பெயரைச் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, நம்ம தீவு சார் வீட்டம்மாவா! உட்காருங்க. சாருக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல?"

"பிடிச்சுப்போச்சா? நீங்கதானே அவரை விடமாட்டேங்கறீங்க?"

"நாங்களா?" என்றார். சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா சொல்றீங்க? இரண்டு வருஷத்துக்குத்தான் போஸ்டிங். முடிஞ்சதும் வரச் சொல்லி ஆர்டர் போட்டோம். அவர்தான் இன்னும் ஒரு வருஷம் வேணும்னு எழுதிக் கேட்டார். அடுத்த வருஷமும் எழுதினார். கேபிள் வந்ததும் அந்த வேலையையே எடுத்தாச்சு. இப்ப மூணாவது தடவையா எழுதியிருக்கார், டிஷ்ஷைப் பாதுகாக்க ஆள் வேணும்னு. மேலே கையெழுத்துக்குப் போகணும்."

நான் நம்பவில்லை. அவர் தப்பான ஃபைலைப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "காட்டுங்க" என்றேன். காட்டக்கூடாதுதான், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபைலைத் திருப்பி வைத்தார். மூன்று விண்ணப்பம். ழகரத்துக்கு வாலை நீட்டி இழுக்கிற உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? 'என் குடும்பத்தாரின் முழுச் சம்மதத்துடன்' என்று மூன்றிலும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தார் யார்? நண்டா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டது என் தப்பு. எங்கே என்பது சரியாகத்தான் இருந்தது. ஏன் என்பதைச் சொல்லுங்கள். யாராவது இருக்கிறார்களா அங்கே? இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

செப்டம்பர் பதினைந்துக்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமாம், எழுத்தில் வர வேண்டுமாம். கிளார்க் அதையும் சொன்னார், நான் கேட்காமலே.

ஃபோன் வந்தால் வாலு எடுப்பாள். நான் எடுக்க மாட்டேன்.

கையெழுத்துக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 12

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

இங்கே யாரும் இல்லை. வானிலைக்காரர் குறட்டை விடுவார், சமையல்காரர் கதவைத் தட்டாமல் வருவார், அவ்வளவுதான் என் சகவாசம். நீ நம்ப வேண்டியதில்லை. நம்புகிற மாதிரி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

ஏன் என்று கேட்டாய். நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையாவது கிழிக்காமல் அனுப்புகிறேன்.

வீட்டில் நாம் எப்படிப் பேசுவோம் என்று உனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்ததும் நீ முடித்துவிடுவாய், நீ முடிப்பதற்குள் நான் அடுத்ததை ஆரம்பித்துவிடுவேன். துணி காயப்போடுகிற கயிற்றை எந்த ஜன்னலில் கட்டுவது என்பதற்கு ஐந்து நாள் பேசாமல் இருந்தோம். தீவுக்கு வந்த பிறகு அந்த அரை வினாடி நடுவில் வந்து உட்கார்ந்தது. குறுக்கே பேசினால் இரண்டு குரலும் மோதி ஒன்றும் புரியாது. அதனால் நீ கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினாய், நானும் பழகினேன். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு நீ சும்மா இருப்பாய். அந்தச் சும்மா இருப்பது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணமான பதினோரு வருஷத்தில் நான் சொல்லி முடிக்கிறவரை நீ காத்திருந்தது அப்போதுதான்.

இரண்டு வருஷம் முடிந்ததும் ஆர்டர் வந்தது. பெட்டி கட்டினேன். படகு ஏற இரண்டு நாள் இருக்கும்போது பயம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் மறுபடி பழையபடி ஆகிவிடும் என்று. விண்ணப்பம் எழுதினேன். உன்னிடம் ஆபீஸ் மேல் பழியைப் போட்டேன்.

போன லீவில் நாலாம் நாள் சண்டை வந்ததே, அன்றைக்கு நீ உள்ளே போன பிறகு பார்த்தேன். வாலு இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித் தராமல், பழகின வேலை மாதிரி. அவளை அழைத்து ஒரு வார்த்தை பேசாமல் படகு ஏறினேன். அடுத்த விண்ணப்பத்தை அந்தப் பஞ்சுக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேபிள் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள், போச்சு என்று இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. திறந்து இரண்டு மாதம்கூட ஆவதற்குள் நாம் ஃபோனில் சண்டை போட்டோம், நீ பாதியில் வைத்தாய்.

இதுதான் காரணம். நியாயம் என்று சொல்ல வரவில்லை.

வாலு அப்பா


ஆகஸ்ட் 26

வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாவது தடவை, இவ்வளவு நன்றாக எழுதுகிறாரே, இதிலும் ஏதாவது இருக்குமோ என்று தோன்றியது. பாருங்கள், என்னை எப்படி ஆக்கி வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது தடவை கோபம்.

நான் காத்திருந்தேன், உண்மை. உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, லைனுக்காகக் காத்திருந்தேன். குறுக்கே பேசினால் புரியாது என்று நீங்கள் சொன்னதால். அதைப் போய்ப் பாசம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள், என்னைக் கேட்காமல். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன்: எனக்கும் அது பிடித்திருந்தது. உங்கள் குரல் வருவதற்கு முன்னால் அந்தக் கொஞ்ச நேரம், வருமா வருமா என்று இருக்கும். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. இப்போதும் கோபத்தில்தான் சொல்கிறேன்.

ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அரை வினாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? குழாய் உடைந்தால்? இரண்டு வருஷமாக வாலு கேட்கும்போதெல்லாம், "ஆபீஸ்ல விடமாட்டேங்கறாங்கடி" என்று சொல்லியிருக்கிறேன். அவள் அந்த ஆபீசுக்கு ஒரு கடிதமே எழுதினாள், 'ஐயா, என் அப்பாவை விடுங்கள்' என்று. தபாலில் போடாமல் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கிளார்க் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பொய்யை என் வாயால் என் பிள்ளையிடம் சொல்ல வைத்துவிட்டீர்கள். இதை மன்னிக்க எனக்கு நாள் ஆகும். எத்தனை நாள் என்று அளந்து சொல்ல என்னிடம் கருவி இல்லை.

பஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதைப் படித்துவிட்டு அவள் பென்சில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். இருந்தது. சின்னதாக, இரண்டு உருண்டை.

வாருங்கள் என்றும் எழுத மாட்டேன், வர வேண்டாம் என்றும் எழுத மாட்டேன். வந்தால் சண்டை இருக்கும், அதற்குச் சம்மதம் என்றால் அது உங்கள் முடிவு. ஒன்று மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன். வாலுவிடம் நடந்ததை நீங்களே சொல்ல வேண்டும். அவள் ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி. என் வாய் இனி அதற்குக் கிடைக்காது.

வாலு அம்மா


செப்டம்பர் 9

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

இந்தப் படகில் இரண்டு உறை வருகிறது. ஒன்று உனக்கு, இன்னொன்று ஆபீசுக்கு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. பதிவுத் தபால். பதினான்காம் தேதி கிளார்க் மேஜைக்குப் போய்விடும். என் வார்த்தையை நம்பிக்கொண்டு இருக்காதே. மூன்றாம் மாடிக்குப் போய்க் கேட்டுப் பார்த்துக்கொள்.

வாலுவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நீ அடுத்த அறையில் இருந்திருப்பாய், ஒரு பக்கம்தான் கேட்டிருக்கும். அதனால் இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

"வாலு, அப்பாவை ஆபீஸ் பிடிச்சு வைக்கலடா. அப்பாவேதான் இங்க இருந்துட்டேன். அம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்து, "வாலு?" என்றேன்.

"இருக்கேன். ஏன்பா?"

"நானும் அம்மாவும் போடற சண்டைக்குப் பயந்துக்கிட்டு."

"எனக்கும்தான் பயம்" என்றாள். "நான் மட்டும் இங்கேயேதானே இருந்தேன்."

அப்புறம் அவள், ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடணும், பிரவுன் பேப்பர் வாங்கிட்டு வரியா என்று கேட்டாள். வாங்கி வருகிறேன் என்றேன்.

புது ஆள் வரப்போவதில்லை, அதனால் டிஷ்ஷைக் கீழே இறக்கிக் கட்டிவைத்துவிட்டு, செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதிப் படகில் ஏறுகிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி காலை கரை. துறைமுகத்துக்கு நீங்கள் வர வேண்டாம். பஸ் பிடித்து நானே வருகிறேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. முதல் வருஷமே கடலில் விழுந்துவிட்டது. லீவுக்கு வந்தபோதெல்லாம் நீ வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தேன், உனக்குத் தெரியாமல் போயிற்று. மறைத்ததில் மிச்சம் இருந்தது இதுதான். வேறு ஏதாவது இருக்கிறதா என்று நீ கேட்பாய், கேட்டுக்கொண்டே இரு.

வந்து வாசலில் நின்று தட்டுகிறேன்.

உன்,
வாலு அப்பா